இல்லை என்ற சொல் நுழையாத வீடு

நான் கல்யாணமாகி வந்த வீட்டில் "இல்லை" என்று சொல்லக் கூடாது. இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தபோது ஜாதகம் கேட்டார்கள், சமைக்க வருமா என்று கேட்டார்கள், எம்.எஸ்ஸி. கணக்கு என்றதும் "அப்ப கடைக்கு ஆவும்" என்று மாமனார் சிரித்தார். எங்கள் வீட்டில் ஒரு வார்த்தைக்குத் தடை உண்டு என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

வீடு திண்டிவனத்தில். முன்னால் மளிகைக்கடை, பின்னால் வீடு, நடுவே ஒரு திரைச்சீலை. கடையில் "இல்லை" என்று சொன்னால் லட்சுமி வந்த வழியே திரும்பிவிடுவாள் என்பது மாமாவின் நம்பிக்கை. நிறைய வியாபாரிகளுக்கு அந்த நம்பிக்கை உண்டு, அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் சிக்கல் அந்தத் திரைச்சீலைதான். துணி வார்த்தையைத் தடுக்காது, ஆகவே வீட்டுக்குள் சொன்னாலும் கடையில் சொன்ன கணக்குத்தான் என்று மாமா முடிவு கட்டியிருந்தார். நடுவில் ஒரு கதவு மட்டும் இருந்திருந்தால் என் பிழைப்பு வேறு மாதிரி போயிருக்கும்.

வந்த புதிதில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம், அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "அத்தை, அரிசி இல்லை" என்றேன். அத்தை என் வாயைப் பொத்தினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கையாலேயே பொத்தினார். கையில் புளி வாசனை. திரைக்கு அந்தப் பக்கம் தராசுச் சத்தம் நின்றது. மாமா உள்ளே வந்தார், சூடம் கொளுத்தினார், அரிசி டின்னுக்கு ஒரு சுற்று, எனக்கு ஒரு சுற்று காட்டிவிட்டு மறுபடியும் கடைக்குப் போனார்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல வூட்டுக்கு மேல தேவதைங்க அப்பிடியே ஆவட்டும், அப்பிடியே ஆவட்டும்னு சொல்லிக்கினே போவும்மா" என்று அத்தை விளக்கினார். "நீ அந்த வார்த்தையச் சொன்னா அதுக்கும் அப்பிடியே ஆவட்டும்னு சொல்லிட்டுப் பூடும். அரிசி நெறைஞ்சிடுச்சின்னு சொல்லணும்."

சரி, ஊர் வழக்கம், கேள்விப்பட்டதுதான். ஆனால் எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்தாலும் நிறைஞ்சிடுச்சு, புது சிலிண்டர் வந்து இறங்கினாலும் நிறைஞ்சிருக்கு. ஒரு வாக்கியமும் அதன் மறுப்பும் ஒரே நேரத்தில் உண்மையாகிவிட்டால் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்று எம்.எஸ்ஸி.யில் படித்திருக்கிறேன். இங்கே எதையும் நிரூபிக்க முடியாது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தை கடைசியாகச் சாப்பிடுவார். "சாப்ட்டீங்களா அத்தை?" என்று கேட்டால், "வயிறு நெறைஞ்சிருக்கும்மா" என்பார். அவர் சாப்பிட்டாரா, பட்டினியா என்று அந்தப் பதிலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவரைத் தூக்கியும் பார்க்க முடியாது.

சட்டத்துக்கு எல்லை உண்டா என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். "வரல", "போவல" என்றெல்லாம் எல்லோரும் சொல்கிறார்களே? மாமா பருப்பை நிறுத்துக்கொண்டே யோசித்தார். "அது துணையோட வருதும்மா. தனியா வர்றதுதான் ஆவாது" என்றார். "ஆவாது" என்பதும் அதே ஜாதிதான் என்று நான் எடுத்துச் சொல்லவில்லை. மறுபடி சூடம் காட்டுவார்.

மாமா நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். இடியாப்ப அச்சு கேட்டு ஒருவர் கடைக்கு வந்தார். மளிகைக்கடையில் அது ஏது? மாமா "நாளைக்கு வந்துடும்" என்றார். மறுநாளும் அவர் வந்தார், மாமாவும் "நாளைக்கு" என்றார். பாவம், அந்த மனிதர் நம்பிக்கைக்காரர். தினமும் வந்து, சும்மா திரும்ப வெட்கப்பட்டு, ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போவார். கடைசியில் மாமா கடையை அத்தையிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி விழுப்புரம் போய், ஒரு பாத்திரக்கடையில் அச்சை வாங்கி வந்து, வாங்கின விலைக்கே கொடுத்தார். "தேங்க்ஸுங்க. எங்கியுமே கெடைக்கல, எல்லாருமே இல்லைன்னுட்டான்" என்றார் அவர். மாமா பெருமையோடு திரைச்சீலை பக்கம் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு அந்த ஆள் கடைப்பக்கம் வரவேயில்லை. தீப்பெட்டி வீட்டில் நிறைய சேர்ந்திருக்கும்.

போனிலும் இதே கதைதான். ஒரு அம்மா தப்பான நம்பரைப் போட்டு, "ஆஸ்பத்திரிங்களா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் இல்லைங்க, ராங் நம்பர் என்று வைத்திருப்பார்கள். மாமா சற்று நேரம் தவித்துவிட்டு, "இன்னா உடம்புக்கு?" என்றார். இருமலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, பனங்கற்கண்டு, எது எவ்வளவு என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு, இருமல் போய்விட்டது, இப்போது முட்டி வலிக்கிறது, டாக்டர் எப்போது இருப்பார் என்று கேட்டார்.

காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு மண்டகப்பட்டு போனோம். பாறையைக் குடைந்த பல்லவர் காலத்துக் குகைக்கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியது என்பதுதான் அதன் பெருமையே. அங்கே வந்திருந்த ஒரு வெளியூர்த் தம்பதி மாமாவிடம், இதில் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்கள். மாமாவுக்கு விஷயம் தெரியும். சொல்லத்தான் வழி அடைபட்டிருந்தது. என் பக்கம் ஒரு முறை பார்த்தார். நான் பாறையைப் பார்த்தேன். "செங்கல் நெறைஞ்ச கோயிலுங்க" என்று ஆரம்பித்தார். "மரம் நெறைஞ்சது. சுண்ணாம்பும் ஏகத்துக்கு நெறைஞ்சது." அந்த இருவரும் வெறும் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். பிறகு அந்தக் கணவர் மரியாதைக்காக, "ஆமாங்க, தெரியுது" என்றார்.

இதெல்லாம் சிரிக்க நன்றாக இருக்கும். எனக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

முதலில் வளவனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை வந்தது. வீட்டில் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் மாமா. "அப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார் என் கணவர். அவர் குட்டியானை வண்டியில் கெடார், வளவனூர் பக்கத்துச் சின்னக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகவே வாரத்தில் பாதி நாள் போகிறவர். "காப்பி ஆறிப் போவுது, குடி" என்றார் அத்தை. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இருந்தேன். ஒருநாள் என் கணவர் வந்து, "அந்த ஸ்கூல்ல யாரோ புது டீச்சர் சேந்துட்டாங்க போல" என்று ஏதோ மழைச் செய்தி மாதிரிச் சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைக் காட்ட ஆளே கிடைக்கவில்லை. தடுத்தவர் என்று ஒருவர் இருந்தால்தானே அவரோடு சண்டை போடலாம்?

அடுத்து விழுப்புரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எனக்கு வந்த தலைப்பு தர்க்கவியலில் மறுப்பு. என் விதி எவ்வளவு கேலிக்காரி என்று பாருங்கள்.

அடுக்களைக் கதவின் பின்புறம் சாக்பீஸால் எழுதிப் பழகினேன். "எல்லாரும் வந்தார்கள்" என்பதை மறுக்க வேண்டுமானால் "ஒருவரும் வரவில்லை" என்று சொல்லத் தேவையில்லை. "யாரோ ஒருவர் வரவில்லை" என்றாலே போதும், எல்லாரும் என்பது உடைந்துவிடும். அதே போல "ஒருவரும் மறுக்கவில்லை" என்பதிலிருந்து "எல்லாரும் சம்மதித்தார்கள்" என்று வராது. வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் இரண்டு கணக்கிலும் சேரமாட்டார்கள். மறுப்புக்கு ஒரு குறி உண்டு, ஒரு சின்னப் படுக்கைக் கோடு, அதன் வலது நுனியில் கீழே தொங்கும் ஒரு துண்டு, கதவுக் கொக்கி மாதிரி.

தண்ணீர் குடிக்க வந்த மாமா, "இது இன்னாம்மா கொக்கி?" என்றார்.

வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அது இல்லைங்கிறதுக்கு அடையாளம் மாமா."

சாயங்காலம் பார்த்தால் கதவு துடைத்திருந்தது. கொக்கி இருந்த இடங்களில் எல்லாம் மஞ்சள், குங்குமம். "எழுத்தா வந்தாலும் வந்ததுதான்" என்றார் மாமா. "படிப்பைக் கெடுக்கணும்னு சொல்றேனா? அதுக்குப் பதிலா புள்ளையார் சுழி போட்டுக்கயேன்." அவரோடு மல்லுக்கட்ட நேரம் இருக்கவில்லை. கொக்கி வரும் இடத்திலெல்லாம் பிள்ளையார் சுழி போட்டேன். மறுப்புக்கு மறுப்பு வந்தால் இரண்டு சுழி. ஒரு வாரத்தில் கை அதற்கே பழகிவிட்டது.

நேர்முகத்தில் பலகை முன்னால் நின்றதும் என் கை பழகினபடியே போட்டது. வரிக்கு வரி பிள்ளையார் சுழி. சில வரிகளில் நடுவில்கூட. திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூவரில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தக் காலத்துல இவ்ளோ பக்தியா? பசங்களுக்கு நல்ல எக்ஸாம்பிள்" என்றார். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். வாய்விட்டு அப்படிச் சொல்லும் மனிதர்களைப் பார்த்தே எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

வீட்டில் சொன்னேன். மாமா சந்தோஷப்பட்டார், அதில் பொய் கிடையாது. கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "அப்ப திங்கக்கெழமை போவட்டுமா மாமா?" என்றதும், "பெரியவரக் கேட்டுச் சொல்றேன்மா" என்றார்.

இந்தப் பெரியவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோயில் நன்கொடை, கட்சி நன்கொடை என்று யார் வந்தாலும் மாமா சொல்லும் பதில் இது. வீட்டில் மாமாவை விடப் பெரியவர் என்று இருப்பது அவருடைய அப்பா ஒருவர்தான். அவரும் சந்தன மாலை போட்டுச் சுவரில் இருக்கிறார். வந்தவர்கள் மோர் குடித்துவிட்டு, பெரியவர் தூங்கி எழட்டும் என்று காத்திருந்துவிட்டுப் போவார்கள். இப்போது அந்த வரிசையில் என்னையும் உட்கார வைத்துவிட்டார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, எங்கள் வீட்டில் மூன்று பேருமே அந்த மீன்.

மௌனம் சம்மதம் என்பது ஊருக்குத்தான் பழமொழி. எங்கள் வீட்டில் மௌனம் என்றால் நீயே புரிந்துகொண்டு உட்கார் என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை போனது, சனிக்கிழமை போனது. கல்லூரியிலிருந்து போன் வந்தது. "வர்றீங்களா, இல்லையா மேடம்?" மாமா பக்கத்தில் நின்றிருந்தார். "வந்துக்கினே இருக்கேங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். நானும் இந்த வீட்டு ஆளாகிவிட்டேனே என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தில்தான் புத்தி வேலை செய்தது. இதுவரை நான் கேட்டதெல்லாம் "போகட்டுமா" என்றுதான். சும்மா இருந்தே அதைக் கொன்றுவிடலாம். சும்மா இருந்தால் எனக்குச் சாதகமாகும் கேள்வி ஒன்று வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்தாகிவிட்டது. மாமாவும் என் கணவரும் திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அங்கே உட்கார்ந்தால்தான் கடைமேல் ஒரு கண் வைக்க முடியும். அத்தை சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போவக் கூடாதுன்னு இந்த வூட்ல யாராச்சும் சொல்றீங்களா?"

என் கணவர் இட்லியை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்திருந்தார். மாமா விரலால் சட்னியில் ஒரு கோடு இழுத்தார்.

"திங்கக்கெழம காலைல ராகு காலம் வருதேம்மா" என்றார்.

"அதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குக் கெளம்பிடுவேன் மாமா. கூடாதுன்னு சொல்றீங்களா?"

"பெரியவரு..."

"அவரையும் சேத்துத்தான் கேக்கறேன். அவரும் கூடாதுன்னு சொல்லல. ஏங்க, நீங்க சொல்றீங்களா?"

"நான் இன்னா சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலையே" என்றார் என் கணவர் பதறிப்போய். பேஜாராகிவிட்டது அவருக்கு, முகத்தில் தெரிந்தது. கூடாது என்று சொல்ல வேண்டுமானால் யாராவது ஒருவர், தன் வாயால், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். "அப்படியெல்லாம் இல்லை, போ" என்று சொல்லலாம் என்றால் அந்த வார்த்தை வாசல்படியிலேயே நிற்கிறது. மூவரையும் அப்படி நிறுத்தி வைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைவாசலில் ஒரு குரல். "ரஸ்க் இருக்குதுங்களா?"

மாமா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்தார். "த வர்றேன், த வர்றேன்..."

"செத்த உக்காருங்க" என்றார் அத்தை.

அவர் மாமாவிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது, உட்கார்ந்துவிட்டார். அத்தை சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். என்னைப் பார்த்து, தெளிவாக, திரைக்கு அந்தப் பக்கம் தெருவரை கேட்கும்படி சொன்னார்.

"இல்லை."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சரிங்க" என்றது வாசல் குரல். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

"ஐயோ, இருக்குது! இருக்குதுங்க! ரஸ்க் நெறைஞ்... ஐயோ, இருக்குதுய்யா!" எச்சில் கையோடு மாமா அந்த ஆளைத் துரத்திக்கொண்டு ஓடினார். அவர் பின்னாலேயே அப்பா, அப்பா என்று என் கணவரும் ஓடினார். தெருவில் "ஜல்தியா வா, அந்தப் பக்கம் போறான் பாரு" என்று மாமா கத்துவது கேட்டது. ரஸ்க் கேட்டவர் என்ன நினைத்தாரோ, செருப்புச் சத்தம் ஓட்டச் சத்தமானது.

அத்தை எதையும் கவனிக்கவில்லை. "இல்லை. ஒருத்தரும் சொல்லல. போய்ட்டு வா" என்றார் என்னிடம். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். அத்தை, தேவதை அப்படியே ஆகட்டும்னு சொல்லியிருக்குமே, பயமா இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன். தட்டைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"நர்சு ட்ரெயினிங்ல எனக்கு எடம் கெடச்சுது. கல்யாணம் ஆன புதுசு. விழுப்புரம்தான், போய்ட்டு வந்துக்கினு இருக்கலாம்."

எனக்கு அது தெரியாது. அவருடைய மகனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். குழாயை மூடிவிட்டு, "கேக்கலியா அத்தை நீங்க?" என்றேன்.

"கேக்காம? மாமனாரு, மாமியாரு, இவரு, எல்லாரையுமே கேட்டேன்." சட்னி ஒட்டியிருந்த தட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார். "ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலம்மா."